ரவுட்டர் வாங்குமுன் அதன் சிப்பைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கு 10 கிகாபிட் இணையம் கொண்டுவர 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாகச் சிங்கப்பூர் அரசாங்கம் 2024இல் அறிவித்தது. அதன்பின் வைஃபை 7 என்று பெரிதாக அச்சிட்ட ரவுட்டர் பெட்டிகளுக்கு நம்மிடையே மவுசு கூடியிருக்கிறது. சும்மா மாட்டிவிட்டு மறந்துவிடுவோருக்கு அது போதும். தயாரிப்பாளர் புதுப்பிப்புகளை நிறுத்திய பின்னும் ரவுட்டரைப் பாதுகாப்பாக ஓட்ட வேண்டும், அதற்காக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ரவுட்டர் இயக்க மென்பொருளைப் போட வேண்டும் என்று நினைப்போருக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருப்பது யாருடைய சிப் என்பதுதான்.

பிராட்காம் சிப் என்றால் விட்டுவிடுங்கள். அந்நிறுவனத்தின் வைஃபை 6, 7 சிப்களுக்குப் பயன்படக்கூடிய திறந்த மூல டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியை எப்படியோ ஏற்றிவிட்டாலும் வைஃபை எழும்பாது. ஏசுஸின் பிராட்காம் ரவுட்டர்களுக்கு மெர்லின் என்ற ஃபர்ம்வேர் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் அது ஏசுஸின் சொந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அடித்தளம் நின்றால் அதுவும் நிற்கும்.

குவால்காம் நடுத்தரம். அதன் வைஃபை 6 சிப்களில் ஒரு வரிசைக்கு 2023இல் வந்த 23.05 வெர்ஷனிலிருந்து ஆதரவு இருக்கிறது. டிரைவர் நினைவகத்தை அதிகம் விழுங்கும் என்பதால் 256 எம்பி ரேம் உள்ள மாடல்கள் திணறும். தரவை வேகமாகத் தள்ளிவிட அந்தச் சிப்பில் இருக்கும் தனிப் பகுதியை அதிகாரபூர்வ வெளியீடு பயன்படுத்துவதும் இல்லை.

மிஞ்சுவது மீடியாடெக். அதன் வைஃபை டிரைவர், ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அடிப்படையான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஃபிலாஜிக் 820, ஃபிலாஜிக் 830 என்ற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது 1.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் கொண்டது. இரண்டாவதில் நான்கு கோர், 2 கிகாஹெர்ட்ஸ். ஜிஎல்.ஐநெட் ஃபிளின்ட் 2 இந்த 830ஐக் கொண்டது. 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு, இரண்டு 2.5 கிகாபிட் துளைகள், நான்கு 1 கிகாபிட் துளைகள். ஏசுஸ் டஃப் ஏஎக்ஸ்6000இலும் 830தான், 512 எம்பி ரேமுடன். சிறிய வீட்டுக்கு 820 போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே 2024 இறுதியில் வெளியிட்ட ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’ அந்தச் சிப்பில்தான் ஓடுகிறது. அதில் 1 ஜிபி ரேம் உண்டு, எதை ஏற்றிக் கெடுத்தாலும் மீட்டெடுக்கத் தனிச் சேமிப்புச் சிப்பும் உண்டு. ஒரே ஒரு குறை, வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் லேன் துளை ஒன்றுதான், அதுவும் 1 கிகாபிட். எந்த மாடலானாலும் 128 எம்பி சேமிப்புக்கும் 256 எம்பி ரேமுக்கும் கீழே இறங்காதீர்கள்.

வைஃபை 7 வேண்டாமா என்று கேட்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 2025 பிப்ரவரியில் வந்த 24.10 வெர்ஷனில் அதற்கு ஆரம்பநிலை ஆதரவுதான் இருந்தது. இரண்டு மூன்று அலைவரிசைகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் எம்எல்ஓ வசதி அதில் சேரவில்லை. வைஃபை 7க்குக் காசு கொடுப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான். இன்னொன்று, சிங்கப்பூரில் வைஃபைக்கு விடப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் பகுதி 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அமெரிக்காவில் அது 7125 வரை போகிறது. வைஃபை 7இன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் நம் பகுதிக்குள் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். மேல்வீடும் கீழ்வீடும் பக்கத்து வீடும் அதையே பங்குபோட வேண்டும். அமெரிக்க விமர்சனங்களில் வரும் வேக எண்களை வீவக அடுக்குமாடி வீட்டில் எதிர்பார்ப்பது வீண். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் என்ற பதுங்கறையின் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் 6 கிகாஹெர்ட்ஸ் ஏறக்குறைய செத்துவிடும். அங்கே உதவுவது கேபிள் இழுத்து வைத்த இரண்டாவது ரவுட்டர்தான்.

மாடல் பெயர் சரியாக இருந்தும் ஏமாறுவதுண்டு. ஷாவ்மி ஏஎக்ஸ்3000டி முதலில் மீடியாடெக் சிப்புடன் வந்தது. பின்னர் அதே பெயரில், அதே உடலில் குவால்காம் சிப் வைத்த வகையும் வந்துவிட்டது. டிபி-லிங்க் ரவுட்டர்களின் அடியில் ஒட்டிய தாளில் சிறிய எழுத்தில் ஒரு வெர்ஷன் எண் இருக்கும். ஒரு எண் மாறினாலும் உள்ளே வேறு பொருள் இருக்கலாம். எனவே ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் பட்டியலில் மாடலையும் வெர்ஷனையும் சேர்த்துத் தேடுங்கள், கடைக்காரரிடம் அடித்தாளின் படத்தைக் கேளுங்கள், பிறகு பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் மின்மாற்றியையும் கவனியுங்கள். சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத தட்டைமுனை அடாப்டரை மாற்றுமுனையில் செருகி இரவும் பகலும் ஓடவிடுவது நல்லதல்ல.

ஃபர்ம்வேர் மாற்றும்போது நடக்கும் பிழைகளில் பல, கோப்பைக் குழப்பிக்கொள்வதால் வருபவை. தயாரிப்பாளரின் மென்பொருளிலிருந்து முதன்முறை மாறும்போது ‘ஃபேக்டரி’ என்ற கோப்பு. ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடினால் ‘சிஸ்அப்கிரேடு’. சில மாடல்களுக்கு இரண்டுக்கும் முன்பு ரேமில் மட்டும் ஓடும் தற்காலிகக் கோப்பு ஒன்று தேவைப்படும். அந்த மாடலின் பக்கத்தில் எந்த வரிசை எழுதியிருக்கிறதோ அதை அப்படியே பின்பற்றுங்கள். பதிவிறக்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததைக் காட்டும் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். கணினியை லேன் கேபிளில் இணையுங்கள், வைஃபையில் இருந்துகொண்டு இதைச் செய்யக்கூடாது.

‘ஃபேக்டரி’ என்று ஒரு பகிர்வும் (பிரித்து வைத்த பகுதி) மீடியாடெக் ரவுட்டர்களின் சேமிப்புச் சிப்பில் பெரும்பாலும் இருக்கும், மேலே சொன்ன கோப்போடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வைஃபை அலைக்கான அளவுத்திருத்தத் தரவும் கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியும் அதில்தான் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் அது தனி. நண்பரின் ரவுட்டரிலிருந்து நகலெடுத்துச் சரிசெய்ய முடியாது. சேமிப்பின் அமைப்பையே மாற்றும் வகையான நிறுவல் என்றால், தொடங்குமுன் எல்லாப் பகிர்வுகளையும் கணினியில் நகலெடுத்து வையுங்கள். ஃபேக்டரி பகிர்வு அழிந்தால் ரவுட்டர் ஓடும், வைஃபை மட்டும் சரியாக வராது.

மீட்பு வழியையும் வாங்குமுன்பே பார்த்துவைப்பது நல்லது. ஜிஎல்.ஐநெட் ரவுட்டர்களில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, கணினிக்கு 192.168.1.2 என்ற முகவரியை வைத்து, உலாவியில் 192.168.1.1 திறந்தால் மீட்புப் பக்கம் வரும். அப்படி எதுவும் இல்லாத மாடலுக்கு மூடியைத் திறந்து சீரியல் கம்பி இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு 3.3 வோல்ட் அடாப்டர்தான் வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் சிப் கருகிவிடலாம். தரை, அனுப்பு, பெறு என மூன்று கம்பிகள் போதும். அடாப்டரில் நான்காவதாக இருக்கும் மின்சாரக் கம்பியை இணைக்கவே வேண்டாம்.

முதல்முறை எழுந்ததும் வைஃபை அணைந்தே இருக்கும், கடவுச்சொல்லும் இருக்காது. முதலில் கடவுச்சொல் வையுங்கள். அடுத்து நாட்டுக் குறியீட்டில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். அதை விட்டுவிட்டால் உலகப் பொது விதிகள் பொருந்தி, சேனல்களும் சக்தியும் குறைந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் 36ஆம் சேனலை 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால், ரேடார் பயன்படுத்தும் பகுதியும் அதில் சேர்ந்துவிடும். ரேடார் இல்லை என்று உறுதிசெய்ய ரவுட்டர் குறைந்தது 60 வினாடி மௌனமாகக் காத்திருக்கும். அது தெரியாமல் ‘வைஃபை வரவில்லை’ என்று மறுபடி மறுபடி அணைத்துப் போடுவார்கள், காத்திருப்பும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தரவைத் தள்ளும் வேலையைச் சிபியுவிடமிருந்து சிப்பின் தனிப் பகுதிக்கு மாற்றும் வன்பொருள் வழி ஆஃப்லோடிங் வசதியை இயக்குங்கள். நெரிசலில் வரும் தாமதத்தைக் குறைக்கும் எஸ்கியூஎம் என்ற வரிசைக் கட்டுப்பாடு அதனோடு சேர்ந்து வேலைசெய்யாது, எல்லாப் பொட்டலமும் சிபியு வழியே போக வேண்டிவரும். நம் ஃபைபர் வேகத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு எஸ்கியூஎம் தேவையே இல்லை.

இணையப் பாதுகாப்பு முத்திரை பற்றியும் ஒரு சொல். இங்கு விற்கப்படும் ரவுட்டர்கள் அதன் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் வந்தது. ஆனால் அந்த முத்திரை தயாரிப்பாளர் போட்ட மென்பொருளைப் பற்றியது. அதை எடுத்துவிட்டால் புதுப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. திறந்த மூலத்திலும் ஓட்டை வரும். 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் புதுப்பிப்புச் சேவையிலேயே ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, உடனே அடைக்கப்பட்டது.

கடைசியாக ஃபைபர் பெட்டி. புது ரவுட்டருக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால், பெட்டி பழைய ரவுட்டரின் மேக் முகவரியை நினைவில் வைத்திருக்கக்கூடும். மின்சாரத்தை எடுத்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால், ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக்காட்டும் விலேன் எண் காரணமாக இருக்கலாம். இணையத்தைச் சில சேவைகள் 10 என்ற எண்ணிலும் சில 1103இலும் அனுப்புகின்றன, உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டு, ரவுட்டர் அமைப்பில் வான் துளைக்கு (இணையக் கம்பி செருகும் துளை) அந்த எண்ணைப் போடுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டிருந்தால் அதன் ரவுட்டர் வேலையை நிறுத்தி இணையத்தை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் இரண்டு ரவுட்டர்களும் முகவரியை மாற்றும் இரட்டை நாட் சிக்கல் வரும். 10 கிகாபிட் திட்டம் எடுத்தவர்களுக்கு மேலே சொன்ன எந்த ரவுட்டரும் முழு வேகம் தராது, 2.5 கிகாபிட் துளைதான் எல்லை. தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டுத் தொலைபேசியும் வேறு விலேன் எண்களில் வருவதால், அவை இரண்டும் உள்ள வீட்டில் அந்த எண்களையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டுதான் பழைய ரவுட்டரைக் கழற்ற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்