சாயம் வெளுத்துவிடும் என்ற பயம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் பழைய மாணவி ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் கீழ் இடம் பெற்றவர். வார்டில் ஒரு நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, உடன் படிப்பவர்கள் தவறவிட்ட இதய ஒலி மாறுபாட்டை அவர் சரியாகச் சொல்ல, பேராசிரியர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டியிருக்கிறார். நான் பூரித்துப்போனேன். அவரோ காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு, “குருட்டாம்போக்குல சொல்லிட்டேன் டீச்சர். அடுத்த தடவை கேட்டா சாயம் வெளுத்துடும்” என்றார். அன்றிரவு தூக்கமே வரவில்லையாம்.

இந்தப் பயத்தை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978-இலேயே எழுதி வைத்தார்கள். பட்டமும் பதவியும் மற்றவர் மதிப்பும் பெற்ற 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் கண்டது, தம் திறமையால் அல்லாமல் அதிர்ஷ்டத்தாலோ யாரோ செய்த பிழையாலோ இந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற உறுதியான நம்பிக்கை. தேர்வுக் குழு தவறுதலாகத் தம்மைச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்த மாணவிகளும் அவர்களில் உண்டு. ஆண்களுக்கும் இது உண்டு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று இன்று பலரும் சொன்னாலும், கிளான்ஸும் ஐம்ஸும் இதை நோய் என்று சொல்லவில்லை.

என் மாணவியின் மனத்தில் அந்தச் சந்தேகத்தை விதைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவருக்கு இடம் கிடைத்த அன்று ஆசிரியர் அறையில் இனிப்பு கொடுத்தபடி, “நல்ல நேரம், ஒதுக்கீடு வந்துச்சு, சீட்டு கிடைச்சுடுச்சு” என்றுதான் நான் சொன்னேன். விடியற்காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, உயிரியல் பாடத்தின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, இரண்டு ஆண்டுகள் அவர் படித்ததை நேரில் பார்த்தவள் நான். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுதியில் முதல் நாளே “நீ எந்தக் கோட்டா?” என்று கேட்டவர்களுக்கு அந்த நோட்டு தெரிய வாய்ப்பில்லை. நீட் தேர்வில் தகுதி பெற்று, அரசுப் பள்ளி மாணவர்களோடு போட்டியிட்டே அந்த இடத்தை அவர் அடைந்தார் என்பதையாவது அவர்கள் அறிந்திருக்கலாம்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது “நீ கெட்டிக்காரி” என்று நான் பலமுறை சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. அதே கல்லூரியில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த பெண் மருத்துவர் ஒருவர், தமக்கும் முதல் மூன்று ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னதைக் குறிப்பிட்டபோதுதான் சற்றுச் சிரித்தார். கிளான்ஸும் ஐம்ஸும்கூட, இத்தகையவர்கள் கூடி அமர்ந்து பேசுவது பெரிதும் உதவியதாக எழுதியுள்ளனர். முதலாண்டு வகுப்புகள் தொடங்கும்போதே, அரசுப் பள்ளிகளில் படித்து இன்று பேராசிரியர்களாகவும் முதுநிலை மாணவர்களாகவும் இருப்பவர்களைப் புதியவர்களுடன் மனம்விட்டுப் பேச வைக்க மருத்துவக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ‘கூலித் தொழிலாளி மகளுக்கு மருத்துவ இடம்’ என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. பெற்றோரின் தொழிலைத் தலைப்பில் போடுவதோடு நின்றுவிடாமல், அந்த மாணவி எப்படிப் படித்தார், எந்தப் பாடத்தில் தடுமாறி எப்படி மீண்டார் என்பதையும் நான்கு வரி எழுதுங்கள். என் மாணவி தம்மைப் பற்றி வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறார். அதில் அவருடைய உழைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.