அந்த மூலை மண்ணாகவே இருக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியின் புதிய கட்டிடம் எங்கே வரப்போகிறது என்று சென்ற கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். மைதானத்தின் தாழ்ந்த மூலை சும்மாதானே கிடக்கிறது, அங்கேயே ஏசி ஆடிட்டோரியமும் சேர்த்துக் கட்டலாமே என்றீர்கள். அந்த மூலையில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வேளச்சேரிக்காரர்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் நம் தெருக்களில் தேங்கி நிற்கிறது. 2015 டிசம்பரில் நம் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, மறுபடியும் மூழ்கியது. நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மொட்டைமாடியில் நாட்கணக்கில் காயவைத்தோம், பாதிகூடத் தேறவில்லை.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. பிள்ளைகளின் சீருடை சேறாகிறது என்று மைதானத்தின் பெரும்பகுதிக்குப் பேவர் கல் பதித்தோம். மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் வகுப்பறைக்குள் வந்தது. பதிக்காமல் விட்டது அந்த மூலையை மட்டும்தான். சாதாரண மழை என்றால், விட்ட மறுநாளே அங்கே தண்ணீர் வடிந்துவிடுகிறது.

இதே ஊரில்தான் 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, கழிப்பறைக்குக்கூட லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். அதனால் கூரைநீர் முழுவதையும் வடிகட்டி முதலில் கிணற்றில் விடப்போகிறோம். மிஞ்சுவது அந்த மூலையில் வெட்டும் குட்டைக்குப் போகும். முழங்கால் ஆழம்தான், சுற்றிலும் வேலி இருக்கும், பயப்பட வேண்டாம். பேவர் கல்லையும் பெயர்த்துவிடுவோம். சீருடை கொஞ்சம் சேறாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டிடம்? அது மேடான கிழக்குப் பக்கம் வருகிறது. கீழே தூண்கள் மட்டும். வகுப்பறைகள் எல்லாம் மாடியில். மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று உள்ளே வர ஜன்னல்கள் கிழக்கு பார்த்திருக்கும். வெயில் சுட்டெரிக்கும் மேற்குப் பக்கத்தில் படிக்கட்டுகளும் ஸ்டோர் ரூமும் இருக்கும். 2004-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அந்தச் செய்தியைப் படித்த நாளை நான் மறக்கவில்லை. அதனால் எதிரெதிர் முனைகளில் இரண்டு அகலமான படிக்கட்டுகள் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாய்தளம் பற்றியும் கேட்டீர்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 12 அடி உயர மாடிக்கு 144 அடி. நிறைய இடத்தை விழுங்கும், விழுங்கட்டும். வீல்சேரில் வரும் ஒரு மாணவியை அவள் தோழிகள் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் அன்பு பெரியது. ஆனால் அந்தப் பெண் தானாக வகுப்புக்குப் போக வேண்டும்.

அப்புறம் மரங்கள். 2016 வர்தா புயலில் நம் வளாகத்துக் குல்மோஹர்கள் மூன்றும் சாய்ந்தன, வேம்பு நின்றது. இனி புங்கை, புன்னை, பூவரசு, மகிழம் வைப்போம்.

ஆடிட்டோரியம் இப்போதைக்கு இல்லை. இன்று எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தை பிளஸ் டூ முடிக்க 14 வருடம். கட்டிடமோ அந்தக் குழந்தையின் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். அன்றைக்கு என்ன தேவையோ, அதற்கு ஒரு காலி இடம் விட்டுவைப்போம்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு வரைபடத்தை நூலகத்தில் விரித்து வைக்கிறோம். இங்கேயே பல வருடமாகக் குடியிருக்கும் தாத்தா பாட்டிகளையும் கூட்டி வாருங்கள். முன்பு மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடியது என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்