ராம்னியும் ஒரு காகித ஆலையும்

பிரைட்டன், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 7, 2012

அன்புள்ள சேது,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. புதன்கிழமை நடந்த ஒபாமா-ராம்னி ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தாத்தா ஆகிவிட்டாயாமே! பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே.

தொழில் நடத்தியவன் நாட்டை ஆண்டால் என்ன கெட்டுப்போகும் என்று ரிபப்ளிகன் வேட்பாளர் மிட் ராம்னிக்காக வாதாடியிருக்கிறாய். முப்பது வருஷம் மில் நடத்தியவன், அப்படித்தான் கேட்பாய். ஆனால் நீ செய்ததும் அவர் செய்ததும் ஒரே தொழில் இல்லை. 1984-இல் அவர் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டுக் கம்பெனியைத் தொடங்கியபோது புதுக் கம்பெனிகளுக்கு முதல் போட்டார். அப்படி முதல் வாங்கிய ஸ்டேப்பிள்ஸ் என்ற ஆபீஸ் சாமான் கம்பெனியின் முதல் கடை 1986-இல் எங்கள் பிரைட்டனில்தான் திறந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அப்புறம் ரூட் மாறியது. கைக்காசு கொஞ்சம், கடன் நிறைய. ஓடுகிற கம்பெனியை வாங்குவது. கடன் ஏறுவதோ வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில். மாட்டை வாங்க அந்த மாட்டையே அடமானம் வைத்த கதை. கறக்கிற பாலில் வட்டியும் போகும், இவர்கள் ஃபீஸும் போகும். பல மாடுகள் பிழைத்தன, நன்றாகவே கறந்தன. சில செத்தன. பெய்ன் வசமிருந்த கான்சஸ் சிட்டி இரும்பாலை 2001-இல் திவாலாகி 750 பேருக்கு வேலை போனது. தான் 1999-இலேயே ஒலிம்பிக்ஸ் வேலைக்குப் போய்விட்டதாக அவர் சொல்கிறார். ஆனால் அதற்குப் பிறகும் அரசிடம் தாக்கல் செய்த காகிதங்களில் முதலாளி என்று அவர் பெயர்தான் இருந்தது.

எனக்கு மறக்காதது 1994. எங்கள் மாநில செனட்டர் டெட் கென்னடியை எதிர்த்து ராம்னி செனட்டுக்கு நின்றார், செப்டம்பர் கருத்துக்கணிப்பில் இருவரும் கிட்டத்தட்ட சமம். அந்த நேரத்தில் இண்டியானாவில் மேரியன் என்ற ஊரில், பெய்ன் வசமிருந்த ஆம்பேட் என்ற கம்பெனி ஒரு காகிதப் பொருள் ஆலையை வாங்கி, தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்குத் திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னது. வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலர் பாஸ்டனுக்கே வந்துவிட்டார்கள். கென்னடியின் டிவி விளம்பரத்தில் அவர்களே முகம் காட்டிப் பேசினார்கள். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன் என்று ராம்னி கணக்கு சொன்னார். கணக்கை யார் கேட்டார்கள்? கென்னடி 58 சதவீதம், இவர் 41.

பதினெட்டு வருஷமாகியும் ஆள் மாறவில்லை. போன டிசம்பரில் ஐயோவாவில் கட்சி வேட்பாளர் போட்டிக்கான விவாதத்தில், எதிர்த்து நின்ற ரிக் பெர்ரியைப் பார்த்துக் கையை நீட்டி, பத்தாயிரம் டாலர் பந்தயமா என்றார். நூறு டாலர் என்றிருந்தால் எவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். ஜனவரியில் தென் கரோலினா மேடையில், உங்கள் அப்பா 12 வருஷ வரிக் கணக்கை வெளியிட்டாரே, நீங்களும் அப்படிச் செய்வீர்களா என்று கேட்டார்கள். 'மே பி' என்று சொல்லிச் சிரித்தார். கூட்டம் கூச்சல் போட்டது. இரண்டே நாளில் உட்கட்சித் தேர்தலில் அந்த மாநிலம் இன்னொரு போட்டியாளர் நியூட் கிங்ரிச் கைக்குப் போனது. பிறகு வெளியிட்டதில் 2010 வருமானம் 2.16 கோடி டாலர், கட்டிய வரி 13.9 சதவீதம். தப்பே இல்லை, சட்டப்படி சரி. ஆனால் அந்த எண்ணை மேடையில் வாயால் சொல்வதை நினைத்துப் பார்.

இதையெல்லாம் புதன்கிழமை டென்வர் விவாதத்தில் ஒபாமா எடுப்பார் என்று பாப்கார்னோடு உட்கார்ந்தேன். 90 நிமிஷம், பெய்ன் என்ற பெயரே வரவில்லை. போன மாதம் வெளியான வீடியோவில், வருமான வரி கட்டாத 47 சதவீதத்தினர் அரசை நம்பி வாழ்கிறவர்கள் என்று ராம்னி பணக்காரர்களிடம் பேசியது ஊரெல்லாம் நாறுகிறது. அதுவும் வரவில்லை. ஒபாமா குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரி, பட்ஜெட் பற்றாக்குறை, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு என்று கணக்காகவே பேச்சு போனதில் ராம்னி கரும்பு தின்கிறவர் மாதிரி இருந்தார். நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில் எதிரணி தூங்கியதால் நீ கோப்பை வாங்கினாயே, அது ஞாபகம் வந்தது.

16-ஆம் தேதி லாங் ஐலண்டில் அடுத்தது. அதில் கேள்வி கேட்கப்போவது பொதுஜனம். வேலை போன ஒருத்தர் மைக்கைப் பிடித்து எழுந்தால் ராம்னி என்ன செய்வார் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

டிசம்பர் 22 கோவை வருகிறேன். மில் கதையை நேரில் சண்டை போடலாம். பேரன் பெயரை அதற்கு முன்னால் எழுது.

அன்புடன்,
ராகவன்