அன்டர்ஸ்கோருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள அன்டர்ஸ்கோர்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஒன்றரை வருஷமாக மூச்சுக் காட்டாதவன் திடீரென்று எதற்கு எழுதுகிறான் என்றுதானே யோசிக்கிறாய்? உன்னிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. முதலிலேயே கேட்டுவிட்டால் மீதியைப் படிக்கமாட்டாய், அதனால் கொஞ்சம் பொறு.

2008இல் நீ, நான், பெரியவர் மூவரும் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய பில்லிங் மென்பொருள் இன்னும் ஓடுகிறதடா! அதை ஜாங்கோ என்ற பைத்தான் வெப் கட்டமைப்பில் புதிதாக எழுதித் தரும் வேலை சுற்றிச் சுற்றி என் தலையிலேயே வந்து விழுந்தது. பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்க வேண்டுமாம், புதுக் கோட் அதன்மேல் உட்கார வேண்டுமாம்.

நூற்றுச் சொச்சம் டேபிளுக்குக் கையால் மாடல் (டேபிளைக் கோடில் விவரிக்கும் கிளாஸ்) எழுத எனக்கென்ன பைத்தியமா? டேட்டாபேஸைப் பார்த்து மாடலைத் தானே எழுதித் தரும் ஜாங்கோவின் இன்ஸ்பெக்ட்டிபி கட்டளையை ஓட்டினேன். டேபிள், ஃபீல்டு, அதன் வகை என்று டேட்டாபேஸ் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் கணக்கைப் படித்துவிட்டு, ஒரு டேபிளுக்கு ஒரு கிளாஸ் வீதம் கொட்டிவிட்டது. எல்லாவற்றிலும் 'மேனேஜ்டு = ஃபால்ஸ்' என்று போட்டிருந்தது. டேபிளை உருவாக்கவோ மாற்றவோ ஜாங்கோ துணியாது என்று அர்த்தம். எனக்கும் அதுதான் வேண்டும்.

அப்புறம் உன் பெயர்களுக்கு நேர்ந்த கதியைக் கேள். ஃபீல்டு பெயரில் நீ ரெண்டு அன்டர்ஸ்கோர் (_) குறியைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டிருந்தாய் அல்லவா? ஜாங்கோவில் அதற்கு வேறு வேலை இருக்கிறது, ஃபில்டர் எழுதும்போது உறவுகளைத் தாண்டிப் போவது அதை வைத்துத்தான். அதனால் ஒன்றை வெட்டிவிட்டு, 'ஒன்றுக்கு மேல் இருந்ததால் பெயர் மாற்றப்பட்டது' என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறது. கடைசி எழுத்துக்குப் பின்னால் அன்டர்ஸ்கோர் போட்டவற்றுக்குத் தனிக் குறிப்பு. நான் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை இன்றைக்கு ஒரு நிரல் வரிக்கு வரி சொல்கிறது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஆமாம்-இல்லை என்று நாம் வைத்திருந்த டைனிஇன்ட் (சின்ன எண் வகை) எல்லாம் வெறும் எண்ணாக வந்திருந்தது. ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் பிரைமரி கீ இல்லாத ஒரு டேபிளில் 'ஐடி' இருக்கும் என்று ஜாங்கோ தானாக நினைத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று ஓடும்போது விழுந்தது. இவற்றையெல்லாம் ஒரு முழுநாள் உட்கார்ந்து திருத்தினேன். மறுநாள் அதே கட்டளையை அதே கோப்புக்குள் திருப்பிவிட்டேன், அத்தனை திருத்தமும் போச்சு. சிரிக்காதே.

ஆனால் பெரிய ஓட்டை வேறு. உருவான கோப்பு முழுக்கத் தேடினேன், ஒரு டேபிளை இன்னொரு டேபிளோடு கட்டிப்போடும் ஃபாரின் கீ ஒன்றுகூட இல்லை. பில்லில் வாடிக்கையாளர் எண் வெறும் இன்டிஜராக நிற்கிறது, எதற்கு உறவு என்று அதற்கே தெரியாது. உடனே உன்னைத்தான் திட்டினேன். 'ஃபாரின் கீ போடாத சோம்பேறி' என்று பெரியவர் எதிரிலேயே உன்னை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! நீயும் 'போட்டேன்டா' என்பாய், நாங்கள் நம்பியதே இல்லை.

போன வாரம் பழைய பெட்டியில் உன் கிரியேட் டேபிள் ஸ்கிரிப்ட் கிடைத்தது. போட்டிருக்கிறாய். ஒவ்வொரு டேபிளிலும் கவனமாகப் போட்டிருக்கிறாய். ஆனால் நாம் டேட்டாவைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்திருந்தது மைஐசாம் இன்ஜின், அதற்கு ஃபாரின் கீ தெரியாது. மைஎஸ்க்யூஎல் அந்த வரியைப் பிழையில்லாமல் படிக்கும், படித்துவிட்டு விழுங்கிவிடும். ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. 2010இல் 5.5 பதிப்பு வந்தபோதுதான், ஃபாரின் கீயை மதிக்கும் இன்னோடிபி இயல்பு இன்ஜின் ஆனது. டேட்டாபேஸே மறந்துவிட்ட உறவை ஸ்கீமாவைப் படிக்கிற கருவி எங்கே போய்த் தேடும்?

இன்னும் கேள். டேட்டாபேஸை நகல் எடுத்து, இன்னோடிபிக்கு மாற்றி, உன் வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவதிலேயே பிழை. வாடிக்கையாளரே இல்லாத பில்கள்! பெற்றோர் இல்லாத பிள்ளைகள் மாதிரி வருஷக்கணக்காக அப்படியே கிடக்கின்றன. வாடிக்கையாளரை நீக்கும் திரையை எழுதியது யார்? நான். பில் இருக்கிறதா என்று பார்க்காமலேயே நீக்கியிருக்கிறேன். உன் ஃபாரின் கீ உயிரோடு இருந்திருந்தால் முதல் சோதனையிலேயே என் கையைப் பிடித்திருக்கும். நாம் கட்டிய சுவர் நிற்கிறதா என்று ஒரே ஒரு தப்பான வரியை உள்ளே தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

ஆக, மன்னிச்சுக்கோடா. இத்தனை வருஷக் கேலிக்கும் சேர்த்து.

இப்போது உன் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடலில் உறவுகளைக் கையால் எழுதுகிறேன். உண்மையான டேட்டாபேஸில் இன்னும் கை வைக்கவில்லை, அந்த அநாதை பில்களை என்ன செய்வதென்று கணக்குப் பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் ஸ்கிரிப்டிலும் இல்லை. பில்லின் நிலை ஃபீல்டில் ஒன்று முதல் ஆறு வரை எனக்குத் தெரியும். ஏழு என்று சில நூறு வரிகள் கிடக்கின்றன. கருவி அதை 'இன்டிஜர்ஃபீல்டு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது, அதன்மேல் தப்பில்லை. பெரியவரைக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகுதான் அவர் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று உறைத்தது. கொஞ்ச நேரம் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? ஏழு என்றால் என்ன? தெரிந்தால் உடனே எழுது, தெரியாவிட்டாலும் எழுது.

உன்,
செமிகோலன்