கீழ்நிலை விலங்குகள் சார்பில் ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "கிருமிகளை அடையாளம் காணும் ஏற்பிகளின் மரபணுக்கள் கீழ்நிலை விலங்குகளில் அரைகுறையாகத் தொடங்கி, படிப்படியாக மேலேறி, மனிதனிடம் முழுமை பெற்றன." படித்துவிட்டு இதழை மூடி வைத்தேன். அப்புறம் திரும்ப எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அதே வரிதான் இருந்தது.

விலங்கியல் சொல்லிக்கொடுத்தே 31 வருடம் ஓட்டியவள் நான். இந்த வரி எனக்குப் புதிதில்லை. ஒரு மாணவி தேர்வுத் தாளில் கிட்டத்தட்ட இதையே எழுதியிருந்தாள், சிவப்பு மையால் சுழித்து முட்டை போட்டேன். மறுநாள் உங்கள் இதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "மேடம், அச்சுலயே வந்திருக்கே?" அச்சில் வந்ததை எதிர்த்து நான் என்ன பேசிவிட முடியும், பாதி மதிப்பெண் போட்டு அனுப்பினேன். அந்தப் பாதி உங்களுக்குப் போட்டது ஐயா, அவளுக்கு இல்லை.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டோல் வகை ஏற்பிகள் கிருமியின் உடம்பில் இருக்கும் பொதுவான அடையாளங்களைக் கண்டு குரல் கொடுப்பவை. மனிதனிடம் வேலை செய்கிற டோல் மரபணுக்கள் 10. 2006-இல் ஊதாக் கடல் முள்ளெலியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அதில் அகப்பட்டவை 222. தலை என்று ஒன்று இல்லாத, பாறையில் ஒட்டிக்கொண்டு கடற்பாசியைச் சுரண்டித் தின்கிற பிராணி அது. இதில் யார் அரைகுறை? எண்ணிக்கை கூடினால் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் உங்கள் ஏணியையே தலைகீழாகச் சாத்தியது போலாகிவிடும். ஆனால் சுண்டெலியிடம் நன்றாக வேலை செய்யும் டோல் 11, நம்மிடம் உடைந்துபோய் எதற்கும் உதவாமல் கிடக்கிறது. மனிதனிடம் முழுமை பெற்றதாம்!

டோல் என்ற பெயர் வந்ததே ஈயிடமிருந்துதான். 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் கெட்டுப்போன பழ ஈக்களுக்குப் பூஞ்சை தொற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் காட்டுவேன். செத்த ஈ, அதன் உடம்பிலிருந்து பஞ்சு பிரிந்தாற்போலப் பூஞ்சை இழைகள். ஒரு மரபணு கெட்டதற்கு அந்தக் கதி. அடுத்த 2 வருடத்துக்குள் நம்மிடமும் சுண்டெலியிடமும் அதன் உறவுகள் என்ன செய்கின்றன என்பது பிடிபட்டது, 2011-இல் ஹாஃப்மனுக்கு நோபலும் வந்தது. கீழ்நிலை ஈ!

அடுத்து லாம்ப்ரே. இதில் நானும் குற்றவாளி என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு லாம்ப்ரே இருந்தது. விலாங்கு போல நீண்ட உடல், நிறம் வெளுத்து, பக்கத்துக்கு 7 செவுள் ஓட்டைகளோடு. தாடை கிடையாது. புனல் மாதிரி வட்ட வாய் கண்ணாடியை ஒட்டியபடி இருக்கும், உள்ளே வளையம் வளையமாக மஞ்சள் பற்கள். பிள்ளைகள் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போவார்கள். இது பழைய காலத்து மிச்சம், இதற்கு ஆன்டிபாடியும், அதாவது கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதமும், கிடையாது என்று பல வருடம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2004-இல் மாக்ஸ் கூப்பரும் ஸீவ் பான்சரும் சேர்ந்த குழு அதே பிராணியின் வெள்ளை அணுக்களில் வேறொரு சங்கதியைக் கண்டுபிடித்தது. நம் ஆன்டிபாடியின் அச்சே இல்லை, முற்றிலும் வேறு அச்சில் வார்த்த ஏற்பிகள். மரபணு பாதி எழுதப்பட்டு நடுவில் காலியாக நிற்கிறது, அக்கம்பக்கத்தில் ஏராளமான துண்டுகள். ஒவ்வொரு அணுவும் அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, அந்தக் காலியிடத்தைத் தன் போக்கில் நிரப்பிக்கொள்கிறது. ஏறக்குறைய 50 கோடி வருடத்துக்கு முன்பு நம் கிளையிலிருந்து பிரிந்த பிராணி, நம்மைக் கேட்காமல், தானாகவே அதே சிக்கலுக்கு இன்னொரு விடை எழுதி வைத்திருக்கிறது. செய்தியைப் படித்த அன்று அந்த ஜாடிக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள், அதனால் எழுதவில்லை.

சரி, நம் விடையாவது நம் உழைப்பில் படிப்படியாக வந்ததா? மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் இத்தனை கோடி ஆன்டிபாடிகள் உருவாகின்றன என்று ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டோனெகாவா 1976-இல் காட்டினார், 1987-இல் நோபல் பெற்றார். வெட்டுகிற கத்தரிக்கோலின் பெயர் ராக்1, ராக்2. இந்தக் கத்தரிக்கோல் ஒரு காலத்தில் தாவும் மரபணுவாக இருந்தது. அதாவது ஓரிடத்திலிருந்து தன்னைத்தானே வெட்டிக்கொண்டு இன்னோரிடத்தில் போய்ப் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணி. நம் ராக் புரதங்கள் ஒரு துண்டை வெட்டி வேறு டிஎன்ஏவில் செருகும் பழைய வித்தையை இன்னும் மறக்கவில்லை என்பதை 1998-இல் சோதனைக் குழாயிலேயே காட்டிவிட்டார்கள். 2016-இல் அதன் உறவுக்கார தாவும் மரபணு ஆம்ஃபியாக்ஸஸிடம் கிடைத்தது, முதுகெலும்புகூட இல்லாத, விரல் நீளம் தேறாத பிராணியிடம். ஆக, வீடு புகுந்த திருடனின் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தையல் கடை நடத்துகிறோம். உங்கள் கட்டுரையாளர் இதில் எந்தப் படியில் ஏறினார் என்று தெரிந்தால் தேவலை.

எழுத உட்கார்ந்துவிட்டேன், பழைய பாக்கியையும் தீர்த்துவிடுகிறேன். ஆன்டிபாடி செய்கிற வெள்ளை அணுவான பி அணுவில் வரும் 'பி' எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரைக் குறிக்கிறது என்று உங்கள் கேள்வி பதில் பகுதியில் போட்டீர்கள். இல்லை ஐயா. அது பர்சாவின் 'பி'. கோழிக்குஞ்சின் கழிவுவாய்க்கு மேலே சுண்டைக்காய் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கும், ஃபாப்ரீசியஸின் பர்சா என்று பெயர். புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அதை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்த கோழிகளில் சிலவற்றை, ஆன்டிபாடி எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் காட்ட சக மாணவர் டிமதி சாங் வாங்கிக்கொண்டு போனார். ஊசி போட்டார், ஆன்டிபாடி வரவில்லை. வகுப்பு சொதப்பியதில் பிறந்த கண்டுபிடிப்பு. அந்தக் கட்டுரையைப் பெரிய சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது, 1956-இல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சி சஞ்சிகை ஒன்றில்தான் வெளியானது. திருப்பி அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும் என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அதே கோழி, வெட்டி ஒட்டும் மரபணுத் துண்டுகளில் V என்ற வகையில் உருப்படியானது ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடக்கும் செத்த மரபணுக்களிலிருந்து எழுத்துகளைக் கடன் வாங்கி வகை வகையாக ஆன்டிபாடி செய்கிறது. இதையும் அன்று எழுதினேன். நீங்கள் போடவில்லை.

குனிந்து நடக்கும் குரங்கு வரிசையாக நிமிர்ந்து மனிதன் ஆகும் அந்தப் படத்தை எத்தனை முறை போட்டீர்கள் என்ற கணக்கை இங்கே எடுக்கவில்லை.

ஏறுவது மட்டும்தான் பரிணாமம் என்றால் அட்லாண்டிக் காட் மீனை எங்கே வைப்பீர்கள்? நம் பாடப்புத்தகம் அத்தியாவசியம் என்று சொல்லும் எம்எச்சி இரண்டாம் வகையும் (கிருமித் துண்டுகளை வெள்ளை அணுக்களுக்குக் காட்டும் புரதம்), அதைப் பார்க்க உதவும் சிடி4-உம் அதனிடம் இல்லை என்று 2011-இல் தெரிந்தது. முதல் வகையைப் பெருக்கி வைத்துக்கொண்டு நன்றாகவே பிழைக்கிறது. ஆழ்கடல் தூண்டில் மீன் இன்னும் ஒரு படி மேல். சில இனங்களில் குட்டியூண்டு ஆண், பெண்ணின் வயிற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், தோலோடு தோல் ஒட்டி, இரத்தக் குழாய்களும் கலந்துவிடும், அப்புறம் பிரிவே கிடையாது. நமக்கு இன்னொருவர் சிறுநீரகத்தை வைத்தாலே உடம்பு சண்டைக்குப் போகிறது. அந்த மீன்களில் சிலவற்றிடம் ராக் மரபணுக்களே தொலைந்துபோயிருப்பதாக 2020-இல் கண்டார்கள். தொலைத்தும் வாழ்கின்றன.

இவ்வளவு எழுதிவிட்டுக் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, ஒரு வரித் திருத்தம். அந்த வாக்கியத்தில் 'கீழ்நிலை', 'அரைகுறையாக', 'மேலேறி', 'முழுமை' ஆகிய நான்கையும் எடுத்துவிட்டு மிச்சம் ஏதாவது இருந்தால் போடுங்கள். முட்டை வாங்கிய அந்த மாணவி இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். உங்கள் இதழைத்தான் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி

பி.கு.: பெயர் போட வேண்டாம். இத்தனை வருடத்தில் என் கடிதம் ஒன்றே ஒன்றைத்தான் வெளியிட்டீர்கள், அதிலும் 'ஏற்பி'யை 'ஏர்ப்பி' ஆக்கி, நான் உழவு பற்றி எழுதியதாகப் பலர் விசாரித்தார்கள். வல்லின ற.