மைக்கை அணைத்த போட்டிக் குழுவினருக்கு

கல்லூரிக் கலைவிழாவில், வாத்தியம் இல்லாமல் குரலால் மட்டுமே பாடும் அகப்பெல்லா போட்டியை நடத்திய குழுவினருக்கு வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் மாணவர்கள் டேக் 6 என்ற அமெரிக்க அகப்பெல்லா குழுவின் 1988 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். மதப் பாடலுக்கு அனுமதி இல்லை என்று பாதியிலேயே மைக்கை அணைத்துவிட்டீர்கள். அந்த விதியை அகப்பெல்லா போட்டியிலிருந்து நீக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடும் பையன் முதலாம் ஆண்டு படிக்கிறான். பேஸ் கிட்டார் செய்கிற வேலை முழுவதையும் தொண்டையாலேயே செய்கிறான். அவ்வளவு கீழே இறங்கும் குரல் மைக் இல்லாமல் மூன்றாவது வரிசையைக்கூட எட்டாது. மைக் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. அவன் குரல் காதில் விழாததால் மற்ற ஐந்து பேரும் சுருதி விலகி ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் அவன் மட்டும் வாயசைத்துக்கொண்டிருந்தான். அரங்கில் சிலர் சிரித்தார்கள். நீங்கள் அடுத்த குழுவின் பெயரைக் கூப்பிட்டீர்கள்.

சரி, விதி என்றால் விதிதான். ஆனால் முந்தின நாள் பயிலரங்கில் இதே டேக் 6-ஐப் போட்டுக் காட்டி, குரல்கள் வெவ்வேறு ஸ்வரத்தில் ஒத்திசைக்கும் ஹார்மனி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தானே? அந்த ஹார்மனி எங்கிருந்து வந்தது? அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில், கறுப்பின மாணவர்களுக்காக செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை தொடங்கிய ஓக்வுட் கல்லூரியில், 1980-ல் கிளாட் மெக்நைட், பின்னாளில் டேக் 6 ஆன ஒரு நால்வர் குழுவைச் சேர்த்தார். அவர்கள் குளியலறையில் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டு மார்க் கிபிள் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டார். தேவாலயத்து நால்வர் பாட்டின் மேல் ஜாஸ் ஸ்வரங்களை நெருக்கி அடுக்கினார்கள். முதல் ஆல்பத்துக்கே ஜாஸ், காஸ்பெல் (கிறிஸ்தவப் பக்திப் பாட்டு) இரண்டு பிரிவிலும் கிராமி விருது கிடைத்தது. 2010-ல் ‘தி சிங்-ஆஃப்’ தொலைக்காட்சிப் போட்டியை வென்ற கமிட்டெட் குழுவும் ஓக்வுட்காரர்கள்தான். இன்னும் பின்னால் போனால், நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்ட 1871-ல் ஊர் ஊராகக் கிளம்பிய ஜூபிலி சிங்கர்ஸ். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் ஸ்பிரிச்சுவல் என்னும், கறுப்பின அடிமைகளின் பக்திப் பாடல்கள்தான். அடுத்த ஆண்டு வரிகளை எடுத்துவிட்டு ‘ல ல லா’ என்று பாடினால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதோ?

அன்று காலை அதே மேடையில் கர்நாடக இசைப் போட்டி நடந்தது. வரிசையாகத் தியாகராஜர் கீர்த்தனைகள். ராமனுக்காக எந்த மைக்கும் அணையவில்லை, அணையவும் கூடாது. ஆனால் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்றால் எப்படி? நுழைவுக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதானே. நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது தனி மடல்.

கேட்க வந்ததற்கு வருகிறேன். தயவுசெய்து அந்த விதியை நீக்குங்கள். பரிசளிப்பு நாளன்று எங்கள் பிள்ளைகள் அந்தப் பாட்டை முழுதாகப் பாட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பெண் வேண்டாம், ஆறு மைக் போதும்.

இப்படிக்கு,
அந்தக் குழுவின் பயிற்சியாளர்