பட்டம் கையில் வந்த பிறகு: பண்டாரவளை நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் முகாமைத்துவப் பட்டத்தை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் முடித்துவிட்டாள் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தோட்டத்து லயத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்.

"அரசாங்க நியமனம் வரும் வரைக்கும் வீட்டிலேயே இருக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நியமனத்துக்கு விண்ணப்பிக்கட்டும், ஆனால் அதற்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. அது ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தனியார் வேலைக்குப் போய், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் பெயர் விழுந்துவிட்டால் பிறகு அரசாங்க வேலை கிடைக்காது என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல. 2020 ஆம் ஆண்டில் 50,000க்கு மேற்பட்ட பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுனராகச் சேர்த்தபோது, சேமலாப நிதி அங்கத்துவம் இருந்த பலருடைய பெயர் பட்டியலில் விடுபட்டது. அவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டி வந்தது. அந்தப் பயம் இன்னும் தோட்டத்துப் பெற்றோரை விட்டுப் போகவில்லை. ஆனால் அது அந்த ஒரு திட்டத்துக்கான நிபந்தனை. இலங்கை நிர்வாக சேவை, கணக்காளர் சேவை போன்ற திறந்த போட்டிப் பரீட்சைகளுக்கு, தனியார் துறையில் வேலை செய்துகொண்டே விண்ணப்பிக்கலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசு ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்தது. அடுத்த பயிலுனர் திட்டம் எப்போது வரும் என்று யாராலும் திகதி சொல்ல முடியாது. திகதி தெரியாத ஒன்றுக்காக 25 வயதுப் பிள்ளை இரண்டு வருடத்தைப் பணயம் வைப்பது சரியில்லை. போட்டிப் பரீட்சைகளுக்கும் வயதெல்லை உண்டு. வங்கிகளோ பயிலுனர் வேலைக்குப் பெரும்பாலும் உயர்தரம் முடித்த கையோடு வருகிறவர்களைத்தான் எடுக்கின்றன. உயர்தரத்துக்குப் பிறகு கெம்பஸ் நுழைவுக்கே காத்திருந்து, நான்கு வருடம் படித்து வெளியே வரும்போது அந்த வயது கடந்திருக்கும். ஆகவே வங்கிக்குப் போவதென்றால் முகாமைத்துவப் பயிலுனர் என்ற விளம்பரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் வயதெல்லை இருக்கும்.

அரச வேலை விளம்பரங்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் தமிழிலும் வருகிறது. அதில் பிள்ளைகள் தவறவிடும் ஒரு வரி இருக்கிறது: பட்டம் வலுவுக்கு வரும் திகதி. பட்டமளிப்பு விழா நடக்கும் நாள் வேறு, பட்டம் வலுவுக்கு வரும் நாள் வேறு. பல விண்ணப்பங்களில் முடிவுத் திகதிக்கு முன்பே பட்டம் வலுவுக்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் மகள் இப்போதே பல்கலைக்கழகப் பதிவாளர் கிளைக்குப் போய், அந்தத் திகதி குறிப்பிட்ட பெறுபேற்றுக் கடிதத்தையும் பாடவாரியான புள்ளி விபரப் பத்திரத்தையும் வாங்கி வரட்டும். விழாவுக்காகக் காத்திருந்தால் இடையில் ஒன்றிரண்டு வாய்ப்புகள் போய்விடும்.

கடதாசி விஷயத்தில் நம் மலையகத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து கூட, சாதாரணதரச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு மாதிரி. பிறப்பைப் பதியும்போது யாரோ காதில் விழுந்தபடி எழுதியது, 25 வருடத்துக்குப் பிறகு நேர்முகப் பரீட்சையில் வந்து நிற்கும். எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்தால் பல இடங்களில் ஏற்பார்கள். பெரிய வித்தியாசம் என்றால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

இன்னொன்று, முகவரி. லயத்துக்குக் கடிதம் நேரே வருவதில்லை, தோட்ட ஒபிஸுக்கு வந்து அங்கிருந்துதான் வீட்டுக்கு வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். 14ஆம் திகதி நேர்முகத்துக்கு 16ஆம் திகதி கடிதம் கையில் கிடைப்பது நம் பக்கத்தில் புதினமல்ல. விண்ணப்பத்தில் டவுனில் நம்பிக்கையான ஒரு கடை அல்லது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தை மாற்றாதிருக்கட்டும். மின்னஞ்சலைத் தினமும் பார்க்கட்டும், வேண்டாதவை விழும் பெட்டியையும் சேர்த்து.

இனி வேலை. கணக்கீட்டில் அவளுக்கு நல்ல புள்ளி என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் என் முதல் தெரிவு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுனராகச் சேர்வது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் மாணவியாகப் பதிந்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சி இடமொன்றில் மூன்று வருட நடைமுறைப் பயிற்சியை முடிக்க வேண்டும். பட்டத்துக்குச் சில பாடங்களில் விலக்கு கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்பதைப் பொறுத்து அது மாறும், புள்ளி விபரப் பத்திரத்தோடு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பயிலுனர் கொடுப்பனவு சிறியது. கொழும்பில் போர்டிங் எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்பவும் நேரும். அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள். கண்டியிலேயே அங்கீகாரம் பெற்ற இடம் கிடைத்தால் செலவு குறையும். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பயிற்சி பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் பதிவாகுமா? பதிவில்லாத இடத்தில் இரண்டு வருடம் உழைத்துவிட்டு, அந்தக் காலம் கணக்கில் சேராது என்று பின்னால் அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பரீட்சையில் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரம்தான். நம் நாட்டில் அநேக நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குப் பின் வரும் மாதங்களில் கணக்காய்வு வேலை தலைக்கு மேல் இருக்கும். பரீட்சை விடுமுறை எத்தனை நாள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்.

ஏசிசிஏ என்ற பிரித்தானியக் கணக்காளர் தகைமை பற்றியும் கேட்டிருந்தாய். மொத்தம் 13 பரீட்சைகள், பட்டத்துக்கு ஆகக் கூடியது 9 வரை விலக்கு. ஆனால் விலக்குப் பெற்ற பாடத்துக்கும் கட்டணம் உண்டு, எல்லாம் ஸ்டேர்லிங் பவுண்டில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியபோது, இந்தப் படிப்பை நடுவில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு பெரியது. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் தொடங்கட்டும். கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கற்கை பட்டதாரிக்குத் தேவையில்லை, அது உயர்தரம் முடித்த பிள்ளைக்கானது. எம்.பி.ஏ.யை இப்போது தொடவே வேண்டாம். வேலை அனுபவம் இல்லாமல் அதைச் செய்தால் பணம்தான் போகும்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? கோட்பாடு கொஞ்சம்தான். ஒரு கணினியைக் கொடுத்து, காசேட்டையும் வங்கிக் கூற்றையும் வைத்து இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விளக்கும் இணக்கக் கூற்று ஒன்றை எக்செலில் தயாரிக்கச் சொல்வார்கள். வழங்கிய காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, வைப்பிலிட்ட காசோலை திரும்பிவிட்டது, வங்கிக் கட்டணம் காசேட்டில் எழுதப்படவில்லை, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் வித்தியாசம் ஒளிந்திருக்கும். இதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு போனால் பாதி வென்றாயிற்று. சுயவிபரக் கோவை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உறவினரல்லாத இருவர் பெயர் அதில் இருக்க வேண்டும், அவர்களிடம் முன்பே சொல்லியும் இருக்க வேண்டும். சிங்களம் பேசப் பயிற்சி எடுக்கட்டும். கண்டியிலோ கொழும்பிலோ ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாலும், உள்ளே வேலை நடப்பது சிங்களத்தில். பின்னாளில் அரச சேவைக்குப் போனால் இரண்டாம் அரச மொழித் தேர்ச்சியும் கட்டாயம்.

லீசிங், நுண்கடன் கம்பனிகள் உடனே எடுப்பார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்க் கடன் கொடுத்து அறவிடும் வேலை. மாத இலக்கு, மோட்டார் சைக்கிள், மழை. இதில் சேர்ந்தால் மக்களின் பணப்புழக்கம் நன்றாகப் புரியும், ஆனால் நம் சொந்தச் சனத்திடமே கடனை நெருக்கிக் கேட்க வேண்டி வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தாங்காது. சேர முன் அவளிடம் மனம் விட்டுப் பேசிப் பார்.

தேயிலைப் பக்கம் நம் பட்டதாரிகள் திரும்பியே பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். தோட்டம் என்றால் தப்பி ஓட வேண்டிய இடம் என்று நாமேதான் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து, செலவுக் கணக்குத் தெரிந்த ஆள் அந்தத் தொழிலுக்குத் தேவைப்படுகிறார். ஓர் உதாரணம். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ 21, 22 கிலோ தூள் வர வேண்டும். 20தான் வருகிறதென்றால் ஏன்? மழையில் பறித்த கொழுந்தோடு தண்ணீரும் நிறுக்கப்பட்டிருக்கலாம், நிறுக்கும்போது கழிக்க வேண்டிய நிறை சரியாகக் கழிக்கப்படாதிருக்கலாம், கழிவுத் தேயிலை கூடியிருக்கலாம், இல்லாவிட்டால் எங்கோ களவு போகிறது. நாளொன்றுக்கு 10,000 கிலோ கொழுந்து வாங்கும் ஃபெக்டரியில் இப்படி 100 கிலோவுக்கு 2 கிலோ குறைந்தால் தினமும் 200 கிலோ தூள் காணாமல் போகிறது. தொழிலாளர் வரவையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலையும் கொழுந்து நிறைப் புத்தகத்தையும் தூள் கணக்கையும் ஒன்றாக வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத் தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகத்திலும், கொழும்பில் தேயிலைத் தரகு நிறுவனங்களிலும், ஏற்றுமதி ஆவணப் பிரிவிலும் இடமுண்டு. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. அதை நடத்தும் மேசைகளில், கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீயே யோசித்துப் பார்.

வேலை கிடைத்து நியமனக் கடிதம் வந்தால் கையொப்பமிடுமுன் சம்பளம் பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்க்கச் சொல். சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். 60,000 ரூபாய்க்கு அவள் பங்கு 4,800, அவர்கள் பங்கு 7,200, மற்றது 1,800. அதையே அடிப்படை 35,000, படிகள் 25,000 என்று உடைத்து, அடிப்படைக்கு மட்டும் செலுத்தினால் தொழில்தருநரின் 12 வீதம் 4,200ஆகக் குறைந்துவிடும். மாதம் 3,000 ரூபாய் அவள் கணக்குக்குப் போகாமல் நிற்கும். வாழ்க்கைச் செலவுப் படியும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது, மேலதிக நேரக் கொடுப்பனவுதான் சேராது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கத்தவர் மீதியைச் சரிபார்க்கட்டும். இத்தனை காலம் விலகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பயிற்சிப் பிணைமுறி கேட்டால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு என்ற இரண்டையும் வாசித்த பிறகே கையொப்பம். மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம், காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுத்தால் போதும்.

தொழில் தொடங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. தனியாள் வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1, 18, 19ஆம் படிவங்கள். இடத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்கும்போதுதான் நம் சனம் நின்றுவிடுகிறது. லயத்து அறைக்கு உறுதி ஏது? வீடு கட்ட 7 பேர்ச் காணி கிடைத்தவர்களிலும் பலர் கையில், வங்கி பிணையாக ஏற்கும் கடதாசி இல்லை. ஆகவே கடன் வாங்கித் தொடங்கும் திட்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வை. முதல் போடாமல் செய்யக்கூடியது, டவுனிலுள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது. காய்கறி லொறிக்காரர், ஹார்ட்வெயார், நகைக்கடை, இவர்களில் பலர் பற்றுச்சீட்டை ஆணியில் குத்தி வைத்துக்கொண்டு நவம்பர் 30 நெருங்கும்போதுதான் வருமான வரி விபரத்துக்கு ஓடுகிறார்கள். மாதாமாதம் அதை ஒழுங்காக எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு ஐந்தாறு கடை கிடைத்தால் கைச்செலவுக்குப் போதும், வரி நடைமுறையும் படிந்துவிடும். பயிற்சியில் சேர அழைப்பு வரும் வரையுள்ள மாதங்களுக்கு இது மிகவும் பொருத்தம்.

அவளுடைய சுயவிபரக் கோவையையும் புள்ளி விபரப் பத்திரத்தின் பிரதியையும் எனக்கு அனுப்பி வை. எந்தப் பாடங்களுக்கு விலக்குக் கேட்கலாம் என்று குறித்து, பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்புகிறேன். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை, மல்லியப்பு சந்திப் பக்கம் பனிமூட்டத்தில் பகலிலேயே பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போகின்றன. உன் பக்கம் எப்படி? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்